மூன்றை இரண்டு முறை அடித்த எட்டு

அவசரம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் அவர். பட்டறைக்கு வருகிறவர்கள் ‘நிதானம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தாவது இவரிடம்தான் வண்டியை விடுவார்கள். ஒரு சாமானை நல்லது என்று இவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. முப்பது வருஷமாக அந்தப் பெயரைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், தன் ஐம்பது வயதுக் காருக்கென்று ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாம். காகிதம் ஒன்றும் கிடையாது. “நீங்க சரின்னு சொன்னா மாட்டிடலாம்” என்றார்.

நிதானம் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பெயிண்டைச் சுரண்டி, நம்பரைப் பார்த்தார். அதில் ஓர் எட்டு இருந்தது. அந்த எட்டை மட்டும் மறுபடி துடைத்துப் பார்த்தார்.

கழற்றிய பாகங்கள் மாறிப்போகாமல் இருக்க அவர் பட்டறையில் நம்பர் பஞ்ச் என்கிற எண் பொறித்த இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் எண் அடிப்பார்கள். அதில் எட்டு மட்டும் எப்போதோ தொலைந்துவிட்டது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு, மூன்றை ஒரு அடி, அதையே தலைகீழாகத் திருப்பி இன்னொரு அடி என்று அவரும், அப்போது கூடவே வேலை பார்த்த அவர் தம்பியும் ஒப்பேற்றி வந்தார்கள். இந்த எட்டும் அப்படித்தான், நடுவில் ஒட்டாமல் நின்றது. பஞ்ச் பெட்டியின் சாவி அவர்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான். போதாக்குறைக்கு, இன்ஜின் பிளாக்கின் ஓரத்தில் அவரே விரிசலைப் பற்றவைத்த தழும்பு. பதினான்கு வருஷத்துக்கு முன் இதே பட்டறையிலிருந்து காணாமல்போன இன்ஜின்தான் இது. பழைய நம்பரை அழித்துப் புதிதாக அடித்திருக்கிறது தம்பியின் கை.

அன்று திருடன் என்று மாட்டிக்கொண்டது பட்டறை ஃபிட்டர். பிடித்துக் கொடுத்தவர் சாட்சாத் நம் நிதானம்தான். மூன்று நாள் ஸ்டேஷனில் உதை வாங்கினான். வழக்கு நிற்கவில்லை, பழி நின்றது. அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது டெப்போவில் பஸ் கழுவுகிறான்.

தம்பிக்குப் பக்கத்திலேயே உதிரிபாகக் கடை, நாலு பேர் மதிக்கிற வாழ்வு. கூப்பிட்டுக் காட்டினார். அவன் மறுக்கக்கூட இல்லை.

“உடைச்சு உருக்கக் குடுத்துடுண்ணே. இல்லன்னா நல்ல இன்ஜின்னு சொல்லி மாட்டி அனுப்பிடு. இனிமே கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது?”

“அவனுக்கு?”

“அவனுக்குத்தான் பழகிப்போச்சே.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! உடைத்தாலும் மாட்டினாலும் தம்பி தப்புவான். உண்மையைச் சொன்னால் ஃபிட்டரின் பழி நீங்கும், ஆனால் கூடப் பிறந்தவன் கம்பி எண்ணுவான். நிதானத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி, இன்ஜினை ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று முடிவெடுத்தார். அதற்கு முன் மன்னிப்புக் கேட்க டெப்போவுக்குப் போனார்.

ஃபிட்டர் தண்ணீர்க் குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டான். ‘அண்ணே’ என்று கூப்பிட்ட வாய் இப்போது ‘சார்’ என்றது.

“எனக்கு அன்னைக்கே தெரியும் சார். உங்க தம்பி அதை வண்டியில ஏத்தினதை என் கண்ணால பாத்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேனே. அதுக்குத்தானே அறைஞ்சீங்க.”

அறைந்தது அவருக்கு நினைவிருந்தது. எதற்கு அறைந்தோம் என்பதைத்தான் வசதியாக மறந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்ன, வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். பஞ்ச் விஷயத்தை எழுதினார். தம்பியின் பெயரை எழுதினார். ஃபிட்டர் நிரபராதி என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

“திருட்டு நடந்த அன்னைக்கே உங்க தம்பியைப் பத்தி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?” என்று கேட்டார் காவலர்.

நிதானம் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். ‘என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.