வெண்ட மாட்டின் முதுகு

விறாந்தையில் நான் இருந்தேன், இவர் இருந்தார், மகள் மது இருந்தாள். மது போனில் ஒரு குதிரை வளர்க்கிறாள். அதற்குப் பெயர் வைத்து, தீன் போட்டு, ஒரு மாதமாகப் பந்தயத்துக்கு ஓட்டம் பழக்குகிறாள். நேற்று அது களைத்துவிட்டது என்று போன் சிவப்புக் கோடு காட்டியது.

"இளைப்பாற விடன் பிள்ளை" என்றேன்.

"விட்டால் கப் போயிடும் அம்மா" என்று போனில் சாட்டைப் படத்தை அமத்தினாள். சளீர் என்றது.

என்னைப் பெற்ற ஐயாவும் அப்படித்தான். அவருடைய வண்டிச் சவாரி மாடு வெள்ளையனுக்கு விடிய நாலு முட்டை, உழுத்தங்கஞ்சி. எங்களுக்கு முட்டை இல்லை. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவனைக் குளிப்பாட்டுவது என் வேலை.

"மாடு எண்டு சொல்லாதை, அவன் உன்ரை தம்பியடி" என்பார் ஐயா.

சவாரிப் பந்தயத்தன்று அவர் கையிலிருந்த கேட்டிக் கம்பின் நுனியில் ஆணி அடித்திருந்தது. வெள்ளையன் பூட்டின வண்டிதான் முதலாவதாய் வந்தது. சனம் ஐயாவைத் தோளில் தூக்கியது. நான் மஞ்சள் தண்ணியோடு மாட்டடியில் நின்றேன். துடைக்கத் துடைக்க இரத்தம் வந்தது.

"ஏன் ஐயா குத்தினனீங்கள்?"

"வெண்டிட்டானெல்லே."

"தம்பி எண்டு சொன்னனீங்கள்."

ஐயா கழுத்து மாலையை இழுத்துச் சரி செய்தார்.

மதுவின் கையிலிருந்து போனைப் பறித்தேன்.

"விடப்பா, விளையாட்டுத்தானே" என்றார் இவர்.

"ஓம். ஐயாவுக்கும் விளையாட்டுத்தான்."

அன்றைக்கு வெள்ளையனின் முதுகில் இருந்த காயங்களை ஒவ்வொன்றாய் எண்ணினேன். முப்பத்தொன்று.