இடது கையால் ஒரு காலை வணக்கம்

கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே அந்த ரேடியோவை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். லேத் பட்டறைக்குக் கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் தினமும் அதன்முன் உட்கார்ந்து, உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டி வைத்திருந்த சிநேகிதரோடு மோர்ஸ் தந்திக் குறியில் பேசுவார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பாஷை பிடிபட்டுவிட்டது. மழை உண்டா, சாப்பிட்டாச்சா, இவ்வளவுதான் பேச்சு. இதற்கு மொட்டைமாடி முழுக்க ஏரியல் கம்பியா என்று கடிந்துகொள்வேன்.

தட்டும் விதத்தை அவர்கள் 'கை' என்பார்கள். குரலைப்போல் கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. உடுமலைக்காரருக்குச் சொல்லியனுப்பலாமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த மனிதர் ஓடிவந்து கட்டிலருகே நின்று பரிதாபப்படுவதை இவரால் தாங்க முடியாது. பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறையுமில்லை. அப்பா வெளியூரில் இருக்கிறார் என்று உடுமலைக்காரரிடம் மகன் சொல்லிவைத்தான்.

பிறகு அவனே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து ரேடியோவோடு இணைத்தான்.

"அப்பா இனித் தட்டவே வேண்டாமுங்கம்மா. ஒரு பட்டனை அமுக்குனா வணக்கம், ஊரு, மழை எல்லாம் அதுவே அனுப்பிப்போடும்," என்றான்.

அனுப்பியது. அச்சடித்த மாதிரி, ஓர் எழுத்து பிசகாமல். வெளியூர் போய் வந்தபின் உங்கள் கை இத்தனை சுத்தமாகிவிட்டதே என்று சிநேகிதர் பாராட்டினார். இவருக்குச் சந்தோஷம். எனக்கு அது பொறுக்கவில்லை. அவசரத்தில் எழுத்துகளை விழுங்கும் அந்தப் பழைய கையை நான் எங்கே போய்க் கேட்பேன்?

ஒரு நாள் காலையில் கரண்ட் போயிற்று. ரேடியோ பேட்டரியில் ஓடியது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. உடுமலைக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் முன்பு தட்டுகிற பழைய மோர்ஸ் கீயை இடது கையால் இழுத்து, எங்கள் ரேடியோவின் அழைப்புக் குறியையும் வணக்கம் என்ற சொல்லையும் தட்டினார். அதற்குள் முகமெல்லாம் வியர்த்துவிட்டது. படுக்கையில் விழுந்த பிறகு அவர் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

பதில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் இடைவெளி விட்டு வந்தது.

"யாரு கண்ணு, புதுசாப் பழகறீங்களா? நல்லாத் தட்டறீங்க. அப்பாவைக் கொஞ்சம் கூப்புடுங்க."

கீயைப் பிடுங்கி உண்மையைச் சொல்லிவிடக் கை நீட்டினேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, மறுபடி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"கூப்புடறேனுங்க. இருங்க."

பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கரண்ட்டுக்காகக் காத்திருந்தார்.