கட்டின் நடுவில் பூசணம்

அந்த வருடம் புகையிலையை அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட்ட பிறகு மழை பிடித்துக்கொண்டது. பாகலூர்ப் பக்கம் என் அக்காவும் மாமாவும் குத்தகை நிலத்தில் போட்ட வெள்ளாமை. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வார விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்குப் போவது வழக்கம்.

சாரல் பட்டுவிடுமோ என்று மாமா கொட்டகையைச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி அடைத்திருந்தார். உள்ளே மூச்சு முட்டியது. காய்ந்துவரும் புகையிலைக்கு மூக்கில் ஏறும் ஒரு காரம் உண்டு. அது இல்லை; நனைந்த சாக்கின் வாடைதான் வந்தது. அக்கா ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். நடு நரம்பை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது.

"காத்து போகணும், ஒரு பக்கமாவது அவுத்து விடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல."

மாமா தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கினார்.

மறுநாளிலிருந்து இருவரும் இலை இலையாகத் துணியால் துடைத்தார்கள். துடைத்த இடத்தில் கறுப்புத் திட்டு நின்றது. தொட்டால் இலை பிய்ந்தது. தூசி ஏறி அக்காவுக்கு இருமல் பிடித்தது.

அடுத்த முறை நான் போனபோது மாமா கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கெட்ட இலை நடுவில், நல்ல இலை சுற்றிலும்.

"மாமா, இது வாயில போட்டு மெல்றது" என்றேன்.

"மெல்றதே விஷம்தான் மச்சான். இதுல பூசணம் புதுசா என்ன பண்ணிடும்? உங்க கம்பெனி மாதிரி ரிஜெக்ட்னு தூக்கிப் போட்டா நாங்க என்னத்த திங்கறது?"



வியாபாரி கர்நாடகத்திலிருந்து வேனில் வந்தார். பல வருடப் பழக்கம் என்பதால் மேல் இலையை மட்டும் கசக்கி முகர்ந்துவிட்டு, ஏற்றலாம் என்று கன்னடத்தில் சொன்னார். அப்போது அக்கா வந்து ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்து இரண்டாகப் பிரித்து வைத்தாள். நடுவில் பூசணம் பிடித்திருக்கிறது, நல்லதை மட்டும் எடுத்துப் போங்கள் என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள்.

வியாபாரி மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாக் கட்டுகளையும் பிரித்துப் பொறுக்கியதில் பாதிகூடத் தேறவில்லை. தேறியதிலும் வாடை ஏறிவிட்டது என்று இரண்டாம் தரமாகத்தான் எடுத்தார். வேன் போன பிறகு, மீதியை மாமா வயல் ஓரத்துக்கு இழுத்துப் போய்க் குழி தோண்டினார். நான் மண்வெட்டியோடு போனேன்.

"நீ போ மச்சான். நானே மூடிக்கறேன்."

வீட்டுக்குள் அக்கா இருமிக்கொண்டே அரிசி களைந்துகொண்டிருந்தாள். முன்கூட்டியே மாமாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா என்னைக் கட்டுகிட்டயே விட்டிருக்க மாட்டாரு" என்றாள்.

இப்போது அந்த நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார்கள். போன வாரம் போனில், மாமா எப்படி இருக்கிறார் என்று அக்காவிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் பேசறாரு. வெள்ளாமை விஷயம் மட்டும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல."