தட்டு நீட்டும் சன்னல்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையோரத்தில் மூஸா 1974இல் தொடங்கிய ஓட்டல் மூன்று வருடம் பூட்டிக் கிடந்தது. மகன் ஷஹ்பாஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓட்டலில் சமைத்துவந்த மனைவி அனீஸா துபாய் போனதோடு அடுப்பு அணைந்தது. 2007இல் மூஸா ஓட்டலைப் புதுப்பித்தார். கடை எழுந்துவிட்டால் அவளும் வந்துவிடுவாள் என்று நம்பினார்.

சாலை போடப் போட உயர்ந்து, கடை பள்ளத்தில் கிடந்தது. தரையை ஏற்றியதும், சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் சன்னல் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது.

"அடைச்சிடட்டுமா பாய்?" என்றார் கொத்தனார் துரைராசு.

"மேல ஏத்தி வைங்க. அனீஸா முகத்துக்கு நேரா இருக்கணும்."

"அவங்க என்ன உசரம்?"

மூஸா யோசிக்கவே இல்லை. தன் தோளில் கைவைத்துக் காட்டினார்.

திறப்பதற்கு முதல் நாள் அனீஸா தொலைபேசியில் பேசினாள். "சின்னவன் இப்பத்தான் பள்ளிக்கூடம் போறான். நான் எப்படிங்க வர்றது? நீங்க இங்க வந்துடுங்களேன்."

"அங்க எந்த மேசைக்கு நான் தண்ணி வைக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் ஆளாக ஒரு லாரி ஓட்டுநர் வந்து, சாலையைப் பார்த்து உட்கார்ந்தார். அவர் கேட்டதை மூஸா பழைய பழக்கத்தில் சன்னல் வழியாக உரக்கச் சொன்னார்: "ரெண்டு தோசை, ஒரு ஆம்லெட்!"

உள்ளிருந்து அனீஸா எப்போதும் சொல்லும் 'ஆகுது' என்ற பதில் வரவில்லை. பிறகு உள்ளே போய்த் தானே சுட்டு, தட்டைச் சன்னலில் வைத்து, சுற்றி வந்து எடுத்துப் பரிமாறினார்.

"உள்ள இருக்கறவங்களுக்கு நல்ல கைப்பக்குவம் பாய்," என்றார் ஓட்டுநர்.

"சொல்லிடறேன்," என்றார் மூஸா.