ரூம் போட்டுத் தருகிற ஸ்ரீமதி

விருதுநகரில் ஸ்ரீமதியிடம் போய், "ரெண்டு மூணு நாள் எங்கயாவது போகணும், நல்ல எடமாச் சொல்லுங்க" என்று கேட்டால் அவள் உடனே இடம் சொல்லிவிட மாட்டாள்.

"உங்க வீட்டுல காலைல மொத காப்பி யாருக்கு?" என்பாள்.

கேட்டவர் முழிப்பார். மாமனாருக்கு என்று பதில் வந்தால், எட்டு மணிக்குமேல் சமையல்கட்டைத் திறக்கிற விடுதிகளெல்லாம் அவள் மனசுக்குள் அடிபட்டுவிடும். அடுத்தது யாருக்கு முட்டிவலி, யார் குறட்டை விடுவார், பிள்ளைகள் தட்டில் வைத்ததைத் தின்னுமா, அடம் பிடிக்குமா. புதுசாகக் கல்யாணமானவர்கள் என்றால், துணைக்கு யாரும் போகிறார்களா என்பாள். "நாங்க ரூம் போட வந்தோமா, சம்பந்தம் பேச வந்தோமா?" என்று ஒரு பருப்பு மில்காரர் கேட்டே விட்டார். ஸ்ரீமதி சிரிக்கவில்லை. "ரெண்டுக்கும் விசாரிக்கணும் அண்ணாச்சி. சம்பந்தத்துக்காவது பெறகு பேசிச் சரிபண்ணலாம். மலை மேல போய் உக்காந்துக்கிட்டு சுடுதண்ணி வரலன்னா என்ன பண்ணுவீக?" என்றாள். அந்த மில்காரர் இப்போது திருச்செந்தூருக்குப் போவதென்றாலும் அவளைக் கேட்டுத்தான் போகிறார்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி ஆபீசில் இருந்தாள். பெரிய ஆர்டர் தருகிற வெளியூர் ஆட்களைக் கம்பெனி செலவில் எங்காவது அனுப்பிவைப்பார்கள். அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டாள். ஆனால் போன் வருவது நிற்கவில்லை. மாமியார் காலமான பிறகு சாப்பாட்டு மேசையே ஆபீசாகிவிட்டது. ஒரு பக்கம் கீரை ஆய்ந்துகொண்டே மூணாறில் மழையா என்று விசாரிப்பாள்.

தான் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்காத இடத்துக்கு அவள் யாரையும் அனுப்புவதில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள். குழாயைத் திறந்து பார்ப்பாள். குளியலறைத் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் போட்டு எடுப்பாள். ஈரச்சேலை காயப்போட ஒரு கம்பியாவது இருக்கிறதா என்று தேடுவாள். கூடப் போகிற புருஷன் மணிகண்டராஜுக்கு ஊரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. "ஊரச் சுத்திக் காட்டுறான்னு கெளம்பி வந்தா, பைப்ப மூடித் தொறக்கத்தான் கூட்டிட்டு வாரா" என்று கடையில் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் மறுதரம் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பட்டாசுக்காரர்களை அனுப்புவதற்கென்று அவளிடம் தனிக் கணக்கு ஒன்று உண்டு. முன்பு ஒரு முறை, வருகிறவர்கள் சிவகாசிப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் என்று கேள்விப்பட்ட ஒரு மலைவிடுதி மேனேஜர், மரியாதை செய்வதாக நினைத்துப் புல்தரையில் தீ மூட்டி, பூச்சட்டிப் புஸ்வாணமும் கொளுத்திவிட்டார். வந்த கூட்டம் கைதட்டவில்லை. ஒரே எட்டில் பின்னால் போய், சுவரோடு சுவராக நின்றது. போர்மேன் ஒருவர் தோட்டத்து மண்ணை வாளியில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அதிலிருந்து ஸ்ரீமதி எந்த விடுதியில் பேசினாலும் முதல் பேச்சே, "தீயும் வேண்டாம், வெடியும் வேண்டாம்" என்பதுதான்.

இந்த வருஷம் வந்த சிக்கல் அப்படி வாளி மண்ணால் அணைகிற சிக்கல் இல்லை.

வெம்பக்கோட்டைப் பக்கம் ராஜபாண்டியனுக்கு ஒரு பட்டாசு ஆலை. தீபாவளி முடிந்தால் ஆலையைப் பூட்டிவிட்டு, பூஜை போட்டுத் திறக்கிறவரை லீவு. அந்த இடைவெளியில்தான் தொழிலாளர்களை எங்காவது கூட்டிப்போவது. போனஸ் கொடுத்த அன்றைக்கு ராஜபாண்டியன் மைக்கைப் பிடித்து, "இந்த வருசம் நானும் என் குடும்பமும் எந்த ஓட்டல்ல தங்குறோமோ, அதே ஓட்டல்லதான் நீங்களும் தங்குவீக" என்று சொல்லிவிட்டார். ஆலையே கைதட்டியது. அது கொடைக்கானலில் அவர் வழக்கமாகப் போகிற இடம். மறுநாள் ஸ்ரீமதிக்குப் போன் வந்தது.

அந்த இடத்தில் அவள் தங்கியிருக்கிறாள். சரிவில் தள்ளித்தள்ளிச் சின்ன வீடுகள். கார்த்திகைக் குளிர். சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடி மேசை, மெதுவான பேச்சு. ஸ்வெட்டர் என்பதையே போட்டுப் பார்க்காத ஜனம், வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் பாதி வாந்தி எடுத்து வந்து, முதலாளி வீட்டம்மா பக்கத்து மேசையில் இருக்கத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும். வருஷத்துக்கு ஒன்றே ஒன்று அவர்களுக்கு வாய்க்கிற பயணம் இப்படி விறைத்துக்கொண்டே கழியும். வேண்டாம் என்று சொல்லலாம்தான். ஆனால் அதை எப்படிச் சொன்னாலும், கூலிக்காரர்களுக்கு அந்த ஓட்டல் எதற்கு என்று அவள் கேட்டதாகத்தான் ஆகும்.

குற்றாலத்தில் அருவிக்குப் பக்கம் ஒரு பெரிய ஹால் அவளுக்குத் தெரியும். எல்லாரும் ஒன்றாகப் படுக்கலாம், ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடலாம், ஆட்டமும் பாட்டமும் போடலாம். அதுதான் சரி என்று தீர்மானித்துக்கொண்டு, பஸ் ஏறி வெம்பக்கோட்டைக்குப் போனாள்.

லீவு என்று பேர்தானே ஒழிய, பெண்கள் பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆலையில் பேக்கிங் பார்க்கிற சின்னத்தாய் அவளைப் பார்த்ததும் வரப்புக்கு வந்தாள்.

"வாங்கக்கா. சாப்பிட்டீகளா? கொடைக்கானலுக்குக் கம்பளி கொண்டாந்தீகளா?"

ஸ்ரீமதி ஹாலைப் பற்றிச் சொன்னாள். அவளே ரசித்துச் சொன்னாள். சின்னத்தாய் கவனமாகக் கேட்டாள்.

"அடுப்பு, சட்டி எல்லாம் அங்கனயே இருக்காக்கா?"

"எல்லாம் இருக்கு. அண்டா கூட இருக்கு."

"அப்ப ஆம்பளைக குளிக்கக் குத்தாலம் போறாக. நாங்க சோறு பொங்கக் குத்தாலம் போறோம்."

காட்டில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஸ்ரீமதிக்குக் காது சுட்டது. வருகிறவர்களிடமெல்லாம் முதல் காப்பி யாருக்கு என்று கேட்கிறவள், இங்கே மட்டும் கேட்காமலே பதிலைக் கொண்டுவந்திருக்கிறாள். வரப்பிலேயே உட்கார்ந்தாள்.

"சரி, நீயே சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?"

"எனக்கா?" சின்னத்தாய் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "உள்ள இருந்து பூட்டுற கதவு. கட்டிலு. பகல்ல ஒரு பொழுது யாரும் என்னைய 'ஏத்தா'ன்னு கூப்பிடக் கூடாது. அம்புட்டுதான்."

"அது கொடைக்கானல்லயும் கெடைக்குமே?"

"கெடைக்கும். மொதலாளி நல்ல மனுசன்க்கா, இல்லைங்கல. ஆனா அவுக எதுத்தாப்புல உக்காந்திருக்கைல எலும்பக் கடிக்க முடியுமா? சத்தமா ஒரு சிரிப்புச் சிரிக்க முடியுமா?"

இதைக் கேட்டுக்கொண்டே வந்த போர்மேன் வேலுச்சாமி பதறிவிட்டார். "ஏத்தா, அவரு ஆசையாச் சொல்லிட்டாரு. அத வேண்டாம்னு சொல்லவா?"

"நீங்க சொல்லாதீக. அக்கா சொல்லட்டும்."

"சொல்லுங்க தாயி. ஆனா வேலுச்சாமி கூட இருந்தான்னு மட்டும் சொல்லிறாதீக."

ராஜபாண்டியனின் சிவகாசி ஆபீசில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீமதி சுற்றி வளைக்கவில்லை. கொடைக்கானல் அவர்களுக்குத் தோதுப்படாது, குளிரும் மலையேற்றமும் இல்லாத கன்னியாகுமரியில் போடலாம் என்றாள். அவர் முகம் இறுகியது.

"மைக்ல சொன்னது சும்மா சொன்னதா ஆயிரும்ல? வேலைக்காரன்னா ஒரு எடம், மொதலாளின்னா ஒரு எடமான்னு ஊர்ல பேச மாட்டானா?"

"மெத்தை அதேதான் அண்ணாச்சி. சுடுதண்ணி அதேதான். ரூமுக்கு ரெண்டு பேரு, பூட்டு, சாவி, சாப்பாடு மேசைக்கு வரும். நீங்க எதக் குடுக்கணும்னு நெனச்சீகளோ, எல்லாம் இருக்கும். நீங்க மட்டுந்தான் இருக்க மாட்டீக."

"நான் இருந்தா என்ன?"

"நீங்க இருந்தா அவுகளுக்கு அது வேலை நாளு."

அவர் மேசையில் கிடந்த லேபிள் மாதிரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "அவுகளுக்கு நீங்க சொன்னபடியே போட்டுருங்க" என்றார். "எங்க குடும்பத்துக்கு நான் வேற ஆள வச்சுப் பாத்துக்கிடுறேன்."

அவர் குடும்பம் என்றால் அவர் ஒரு வீடு மட்டும் இல்லை. தம்பிமார், சம்பந்தி வீட்டார், எல்லாரும் அவர் சொல்கிற ஆளிடம்தான் போவார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது மணிகண்டராஜ், "கொஞ்சம் பதமாச் சொல்லியிருக்கலாம்" என்றார். "பதமாச் சொன்னா அவரு புரியாத மாதிரி இருந்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு ஸ்ரீமதி தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். அன்று அவள் சுட்ட தோசை எல்லாமே கொஞ்சம் கருகித்தான் வந்தது. அவர் அதையே சாப்பிட்டார்.

அந்த வாரமே இரண்டு பேரும் கன்னியாகுமரிக்குப் போய் ஒரு விடுதியில் படுத்துப் பார்த்தார்கள். கடல் நன்றாகத் தெரிகிற மாடியை ஸ்ரீமதி கழித்துவிட்டாள். காலையில் சூரியனைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் வந்து கத்துவார்கள். அதற்குக் கீழ்த்தளத்தைப் பெண்களுக்கு வைத்தாள். யார் யாரோடு தங்குவது என்பதை அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு மாமியாரும் மருமகளும் தனித்தனியாகக் கூப்பிட்டு, வேறு வேறு ரூம் கேட்டார்கள். ஒருத்தி கேட்டது மற்றவளுக்குத் தெரியாமல் ஸ்ரீமதி பார்த்துக்கொண்டாள். ஆண்களைக் கேட்டதில் அவர்களுக்குத்தான் ஹால் வேண்டியிருந்தது, சீட்டு விளையாட. அதையும் ஒரு மூலையில் பிடித்துக் கொடுத்தாள்.

பஸ் போய்ச் சேர்ந்த அன்று காலையில் விடுதி மேனேஜர் போனில் கூப்பிட்டார். "மேடம், எல்லாரும் செருப்ப வாசல்லயே வரிசையா கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட வாராங்க. சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க."

"வெடிமருந்துக்கிட்ட செருப்பு ஆகாது, அவுக வேலை பாக்குற எடத்துல அதான் சட்டம். போகப் போகச் சரியாயிரும், விடுங்க."

மத்தியானம் வரைக்கும் ஸ்ரீமதி வேறு வேலையில் மனசு செல்லாமல் இருந்தாள். வேறு வீட்டுக்குப் போட்ட ரூம் சரியில்லை என்றால் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துக் கொடுக்கலாம். இவர்களுக்கு அடுத்த தீபாவளி முடிய வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு பொறுக்கமாட்டாமல் சின்னத்தாய்க்குப் போன் அடித்தாள். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"ம்... யாரு?"

"நான்தான் ஸ்ரீமதி. எல்லாம் நல்லாருக்கா? கடலப் பாத்தியா?"

"இன்னும் இல்லக்கா. சாப்பிட்டேன், கதவப் பூட்டுனேன், படுத்தேன். இப்ப நீங்கதான் எழுப்புனீக."

"அடடா. மத்தவங்க?"

"பாறையப் பாக்கப் போய்ட்டாகன்னு நெனைக்கேன். வெளிய யாரோ தட்டுனாக. நான் தொறக்கல." சின்னத்தாய் கொட்டாவி விட்டாள். "கடலு எங்கக்கா போயிரப் போகுது. வைங்க போன."

ஸ்ரீமதி போனை வைத்தாள்.