தண்ணீருக்கு முன்னால் ஓடியவள்

மாலை நாலு இருபது. பள்ளி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால், நாலு பத்துக்கெல்லாம் என் மகள் வாசலில் நிற்க வேண்டும். அன்று வரவில்லை.

நாலாம் வகுப்பு. ஒன்பது வயதாகியும் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன், சோறும் நான்தான் ஊட்டினேன். பள்ளி திறந்த வாரமே அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “பென்சில் சீவுறதுக்குக்கூட அம்மாவக் கேக்கணும்ங்குறா. ஒன்பது வயசுங்க.” அன்றே முடிவெடுத்தேன். ரோட்டிலிருந்து வீட்டுக்குத் தெருவழியே பத்து நிமிட நடை. இனி தனியாக வரட்டும். மூன்று நாள் ஒழுங்காக வந்தாள். இது நாலாவது நாள்.

தேடிக்கொண்டு ஓடினேன். ரோட்டு முனையில் டீக்கடைக்காரர், “வேன் போயி அரைமணி ஆச்சேம்மா. வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுல்ல, புள்ளைங்கள்லாம் அந்தப் பக்கம்தான் போச்சு” என்றார்.

அணையில் திறந்த தண்ணீர் அன்றுதான் எங்கள் ஊரை எட்டியிருந்தது. வாய்க்கால் மதகருகே அவளுடைய பை இருந்தது. பக்கத்தில் ஷூ, அதற்குள் சுருட்டி வைத்த சாக்ஸ். அவளைக் காணோம்.

செருப்பை உதறிவிட்டு இறங்கினேன். தொடையளவு கலங்கல் தண்ணீர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரைப் புல்லைப் பிடித்தபடி காலால் துழாவித் துழாவி நடந்தேன். அழக் கூடாது, அழுதால் கண் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். மிதந்து வந்த ஓர் உரச்சாக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். வைக்கோல். அந்தக் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

மதகைத் திறந்து மூடும் லஸ்கர் கரையில் சைக்கிளில் வந்தார்.

“என்னம்மா, உள்ள எறங்கி என்ன தேடுறீங்க?”

“எம் பொண்ணக் காணோங்க…”

“நல்லாத் தேடுனீங்க போங்க! புதுத்தண்ணி வந்தா புள்ளைங்க தண்ணிக்குள்ளயா இருக்கும்? தண்ணிக்கு முன்னாடில்ல ஓடும். அங்க கீழ நாலஞ்சு கூத்தடிக்குதுங்க. நீங்க ஓடுனதே இல்லையா?”

ஓடியிருக்கிறேன். காய்ந்த வாய்க்காலில், பின்னால் தண்ணீர் துரத்திவர, காலில் படாமல் ஓடுவது இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடும் ஆட்டம். பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. தண்ணீர் கடந்துபோன இடத்தில் அவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கரையேறினேன். நாளையிலிருந்து நானே வேன் நிற்கும் இடத்துக்கு வருவேன் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கினேன். இன்றும் அவள் தனியாகத்தான் வருகிறாள். நாலு மணியானால் நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறேன். ஆனாலும் முடிவை மாற்றப்போவதில்லை.

அன்று கடைசியில், வெறுங்காலோடு கரைமேல் அவள் வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏம்மா இப்படி நனைஞ்சிருக்க? எம்மேல ஒரு சொட்டுகூடப் படல. தண்ணி கிட்ட வந்ததும் கரையேறிட்டேன். அடுத்த தடவ உங்கிட்டச் சொல்லிட்டுப் போறேன், என்ன?”