கொண்டை வைத்த எஞ்சின்

ஞாயிறு காலை ஒன்பது பத்து. யூனியன்வில்லில் ஒரு வீட்டு கராஜ் வாசலில் பழைய சாமான்களை மேசையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது ஒரு மூக்கு. சாம்பல் நிறம், துப்பாக்கிச் சன்னம் போன்ற வடிவம், நடுவே மேலிருந்து கீழாகச் சேவல் கொண்டை போல ஒரு தகடு. விளையாட்டு ரயில் எஞ்சின். உடனே எனக்குப் பசை மணத்தது. காது சூடாகியது. நரைத்த தலையோடு ஒரு பொம்மையின் முன் வெட்கப்பட்டு நிற்பவனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், நாடு விட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்ட்டில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டும் வேலை எனக்கு. பகலில் தமிழ் வாரப் பத்திரிகை, மாலையில் கலியாண அட்டை, டிசம்பரில் கடைக் கலண்டர்கள். கலண்டர் என்றால் சாமி படம்தான். முருகன், லட்சுமி, வேதக்காரருக்கு மாதா. பக்கத்துப் பலசரக்குக் கடை இராசன் அண்ணையும் வழக்கமாக முருகனைத்தான் போடுவார். அந்த வருடம் வந்தவர் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, போன தையில எங்கட பில்டிங் குப்பை அறையில என்ர கலண்டரைக் கண்டனான். முருகன்ர முகத்தில மீன் செதில். கீழ என்ர கடைப் பேர். இந்த முறை குப்பைக்குப் போனாலும் பாவம் சேராத படமாப் பாத்துப் போடு."

படத்தை நானே தெரிவு செய்யலாம். எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம். பழைய அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றிலிருந்து இந்த எஞ்சினை எடுத்தேன். ஒரு காலத்தில் நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவுக்குக் கடுகதி வண்டிகளை இழுத்த வகை. உள்ளே வழக்கமான நீராவி எஞ்சின்தான். கொதிகலனையும் குழாய்களையும் தகட்டால் மூடி, காற்றைக் கிழிக்கும் உருவம் கொடுத்திருந்தார்கள். திருத்த வேலைக்கு இடைஞ்சல் என்று பின்னாளில் அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டார்களாம்; படத்தின் கீழே எழுதியிருந்தது. அந்த வரியை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஜனவரி பிறந்ததும் பால் வாங்கும் சாட்டில், பாராட்டுக் கேட்கக் கடைக்குப் போனேன். ஓர் அன்ரி கலண்டரை விரித்தார்.

"உதென்ன இராசன், ரொக்கெற்றோ?"

"இல்லை அன்ரி, அமெரிக்கக் கோச்சி."

"அப்ப சாமியறையில கோச்சியைக் கொழுவிப்போட்டுத் தேவாரம் பாடுறதோ?"

மீன் பையோடு பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "கொண்டை கிடக்கு. சேவல் எங்க? முருகன் எங்க?"

கடையே சிரித்தது. இராசன் அண்ணை சிரிக்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. நான் பால் பையில் இருந்த திகதியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க் கடையில் லட்சுமி கொடுத்தார்கள். லட்சுமிக்காகப் போனவர்கள் அரிசியையும் அங்கேயே வாங்கினார்கள். பொங்கலுக்கு முன்பே இராசன் அண்ணை அச்சகத்துக்கு வந்து, உள்ளங்கை அளவில் முருகன் படம் அடித்துத் தரச் சொன்னார்.

அவருடைய கடைப் பின்னறையில் இருவரும் இருந்து ஒட்டினோம். ஒவ்வொரு மூக்கின் மேலும் ஒரு முருகன். நான் ஆசையாகத் தெரிவு செய்த படத்தை நானே மூடிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவேயில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார்: "கொஞ்சம் மேல ஒட்டு தம்பி. அவற்ர கால் எஞ்சின்ர சில்லில படக் கூடாது."

"இப்பதான் கலண்டர்" என்று அன்ரி இரண்டு வாங்கிப் போனார்.

அடுத்த தையில் ஏதோ எடுக்க அந்தப் பின்னறைக்குப் போனேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கலண்டர்கள் அடுக்கியிருந்தன. ஈரம், தேயிலைக் கறை, செதில். சிலவற்றில் பசை விட்டு, முருகனுக்குப் பின்னால் கொண்டை தெரிந்தது. இராசன் அண்ணை வாசலில் நின்றார். காலையில் கடை திறக்க முன்னர், தெரிந்த பில்டிங்குகளின் குப்பை அறைகளுக்குப் போய்ப் பொறுக்கி வந்திருக்கிறார்.

"ஆருக்கும் சொல்லிப்போடாத" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். எடுக்கப் போன பொருளை எடுக்காமலே வெளியே வந்தேன்.

யூனியன்வில் கராஜ்காரர் பொம்மையைக் கையில் தந்தார். அசல் எஞ்சின்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்கள் என்றார். மேசையில் திருப்பி வைத்தேன்.

இராசன் அண்ணை அதற்குப் பிறகு கலண்டர் அடிக்கவில்லை. சில வருடங்களில் கடை கைமாறியது. வாங்கியவர்கள் பின்னறையைத் துப்புரவாக்கி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கடதாசி எல்லாவற்றையும் மறுசுழற்சிக்கான நீலப் பெட்டிகளில் போட்டு வாசலில் வைத்தார்கள். புதன்கிழமை காலை லொறி வந்து எடுத்துப் போனது.